டன்னா, கிலோநியூட்டனா? ஜாக்கை ஏற்றும் முன் கேளுங்கள்

"பைல் சூப்பரா நிக்குது சார், அரை மில்லிமீட்டர்கூட இறங்கல." இப்படி இன்னொரு சைட்டிலிருந்து ரிப்போர்ட் வந்திருக்கிறது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல், அதாவது அஸ்திவாரத்துக்காகத் தரைக்குள் இறக்கும் கான்கிரீட் தூண். வடிவமைப்புச் சுமை 100 டன்; சோதனைச் சுமை அதில் ஒன்றரை மடங்கு, 150 டன். பைலை அழுத்தும் ஹைட்ராலிக் ஜாக்கின் டிஜிட்டல் திரையில் 150 வந்ததும் நிறுத்திவிட்டார்கள். திரை காட்டியது கிலோநியூட்டன். கொடுத்திருக்க வேண்டியது 1471. பத்தில் ஒரு பங்கு சுமைக்கு பைல் இறங்குவதை அளக்கும் டயல் கேஜின் முள் எப்படி நகரும்?

"கிலோன்னு போட்டிருக்கே சார், எடைதானே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கிலோ என்றால் ஆயிரம், அவ்வளவுதான். கிலோகிராமும் டன்னும் நிறைக்கு, நியூட்டன் விசைக்கு. ஒரு டன் கான்கிரீட் பிளாக்கைத் தரையில் வைத்தால், அது 9.81 கிலோநியூட்டன் விசையோடு தரையை அழுத்தும். டன்னைக் கிலோநியூட்டனாக்க 9.81ஆல் பெருக்குங்கள், திரும்பி வர வகுங்கள். ஆயிரம் கிலோநியூட்டன் ஒரு மெகாநியூட்டன். டன்னில் சுமார் 102. ஒரே சுமைக்குக் கிலோநியூட்டன் எண்தான் எப்போதும் பெரிதாக இருக்கும். இது நினைவிருந்தாலே பாதித் தப்பு குறையும்.

பத்தால் வகுத்தால் போதாதா? மனக்கணக்குக்குச் சரி, ஜாக் எதிர்த்துத் தள்ள மேலே அடுக்கும் பிளாக் சுமையான கெண்ட்லெட்ஜுக்குச் சரியில்லை. சோதனைச் சுமை 1500 கிலோநியூட்டன் என்றால், பைல்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911 சொல்லும் 25 சதவீதக் கூடுதலோடு 1875. அது 191 டன். பத்தால் வகுத்தவர் 187.5 டன் அடுக்கியிருப்பார், மூன்றரை டன் குறைவு. பிளாக் எல்லாம் எடைமேடையில் டன் கணக்கில்தானே வருகிறது!

ரிப்போர்ட் டைப் செய்பவர்களுக்கு: மெகாநியூட்டனுக்குப் பெரிய எம். சின்ன எம் போட்டால் மில்லிநியூட்டன், நூறு கோடி மடங்கு வித்தியாசம். பாலத் தூணின் சுமை 12 மில்லிநியூட்டன் என்று என் கையெழுத்துக்கே வந்திருக்கிறது. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல்!

டிராயிங்கில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லையா? ஊகிக்காதீர்கள், வடிவமைத்தவருக்குப் போன் போடுங்கள். ஜாக்கின் கலிபரேஷன் சர்டிபிகேட் எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய முள் கேஜ் என்றால் அது காட்டுவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தம். ஜாக்கின் பிஸ்டனான ராமின் பரப்பால் பெருக்கினால்தான் சுமை. ரீடிங் ஷீட்டின் தலைப்பில் சோதனைச் சுமையை இரண்டு அலகிலும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், தயவுசெய்து, ரீடிங் அனுப்பிப் பதில் வந்தபிறகு பிளாக்கை இறக்குங்கள். மறுபடி அடுக்கும் கிரேன் வாடகை யார் தலையில் என்ற பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.