ஆற்றங்கரையின் 60 மீற்றர்: எது தடை, எது இல்லை

களனி கங்கைக் கரையில் காணி உள்ளவர்களில் பலர், கரையிலிருந்து 60 மீற்றருக்குள் எதையும் தொடக்கூடாது என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1993 ஜூன் 24இல் வந்த 772/22 இலக்க வர்த்தமானி, முன் அனுமதி வேண்டிய வேலைகளைப் பட்டியலிடுகிறது. காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது 1 ஹெக்டயரைத் தாண்டினால்தான் பட்டியலுக்குள் வரும். ஹோட்டல் 99 அறைகளைத் தாண்டினால்தான் வரும். ஆற்றங்கரையின் 60 மீற்றருக்குள் இந்த அளவுகள் செல்லாது. கால் ஏக்கர் காடும், பத்து அறை ஹோட்டலும்கூட அனுமதி கேட்க வேண்டியவை. கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்ற அனுமதி வேறு.

ஆறு 25 மீற்றருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆனால் "அதன் ஓட்டத்தில் ஏதேனும் ஓரிடத்தில்" என்பதே வாசகம். உங்கள் காணியருகே ஒடுங்கியிருப்பதால் தப்ப முடியாது. அளப்பதும் கரையிலிருந்துதான், கோடையில் வற்றிய நீரின் விளிம்பிலிருந்து அல்ல.

இவ்வளவு கெடுபிடி ஏன்? மருதமரத்தின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து வைக்கிறது. மரத்தை வெட்டி அடிக்கட்டையையும் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். ஓரிடத்தில் மட்டும் கரையோரமாகக் கற்சுவர் கட்டினால், நீரின் வேகம் சுவர் முடியும் இடத்தையோ எதிர்க்கரையையோ அரிக்கும். மரநிழல் போனால் நீர் சூடேறும்; உதிரும் இலையைத் தின்று வாழும் நீர்ப்பூச்சிகள் குறைய மீனும் குறையும். வயலிலிருந்து வழியும் உரமும் சேறும் வடிகட்டப்படாமல் ஆற்றில் இறங்கும். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் இதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதை மறக்கக்கூடாது.

திட்டக்காரர் முதலில் பூர்வாங்க விபரங்களை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கொடுக்க வேண்டும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால், அறிக்கை பார்வைக்கு இருப்பதாக வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம். "காடு அழியும்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வளைவு, எத்தனை மரம், வெள்ளம் எதுவரை ஏறும் என்று எழுதுங்கள். சிறிய திட்டங்களுக்கு ஆரம்ப ஆய்வோடு முடிந்துவிடும். அங்கே இந்த 30 நாள் வாய்ப்பு இல்லை.

மரம் வெட்டும் அனுமதி தனி விடயம். சொந்தக் காணியிலுள்ள பலா, ஈரப்பலா, பெண்பனைக்கு பிரதேச செயலகத்தில் அனுமதி பெற வேண்டும். மருது அந்த மூன்றில் இல்லையே என்று கோடரியை எடுக்குமுன் நில அளவைப் படத்தைப் பாருங்கள்: மரம் அரச ஆற்று ஒதுக்கீட்டுக்குள் (ஆற்றோரமாக அரசுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள்) நின்றால் அது உங்களுடையதல்ல.