மேக்ரோ கீபேட் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

செட்டிநாட்டுப் பக்கம் இப்போது நேரலை இல்லாத கல்யாணம் அரிது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரில் விசேஷம் நடந்தாலும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இங்கே காலை 6 மணி என்றால் அங்கே 8.30. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் திருப்பூட்டும் (தாலி கட்டும்) அந்த ஒரு நிமிடத்துக்காகவே லிங்க்கைத் திறப்பவர்கள் உண்டு. முகப்பில் ஒரு கேமரா, வளவில் ஒன்று, மணமக்களுக்கு நேரே ஒன்று என்று வைத்துவிட்டு, லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் மவுஸை நகர்த்திச் சரியான காட்சியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. விரல் வைத்த இடத்தில் காட்சி மாற வேண்டும். மேக்ரோ கீபேட் நம் ஊர் ஸ்டுடியோக்களுக்குள் வந்தது இந்தத் தேவையால்தான்.

இது 3 பட்டனிலிருந்து 32 பட்டன் வரை வரும் ஒரு குட்டி கீபோர்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் நாம் விரும்பிய வேலையைக் கொடுக்கலாம். காட்சி மாற்றுவது, மைக்கை அடைப்பது, நாலு கீகளைச் சேர்த்து அழுத்துவது, ஒரு முழு முகவரியைத் தட்டச்சு செய்வது எல்லாம் ஒரே அழுத்தில் முடியும். இப்படிப் பதிந்து வைக்கும் வேலைக்குத்தான் மேக்ரோ என்று பெயர். நேரலைக்காரர்கள் மட்டுமல்ல, கல்யாண ஆல்பத்துக்கு ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பதிபவர்கள் என்று பலரும் இதைப் பற்றி இப்போது விசாரிக்கிறார்கள். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸும் நேரலை அமைப்பு வேலையும் செய்கிறேன். விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது எத்தனை பட்டன், என்ன விலை, விளக்கு எரியுமா என்பதைத்தான். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் பதிந்து வைப்பது கீபேடுக்குள் தங்குமா, கம்ப்யூட்டருக்குள் தங்குமா?

இதற்கான பதிலை வைத்தே சந்தையில் உள்ள பொருள்களை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

முதல் வகைக்கு எல்லோரும் அறிந்த உதாரணம் எல்காட்டோவின் ஸ்ட்ரீம் டெக். 2017-ல் 15 பட்டனோடு வந்தது. பிறகு 6 பட்டன் மினி, 32 பட்டன் எக்ஸ்எல், திருகும் குமிழ் வைத்த பிளஸ் என்று பெருகியது. பட்டனுக்கு அடியில் திரை இருப்பதால் ஒவ்வொன்றிலும் படமும் எழுத்தும் தெரியும். இதன் உண்மையான பலம் அழகு அல்ல. மைக் அடைபட்டிருக்கிறதா, எந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பட்டனே காட்டிவிடும். ஆனால் இதை இயக்குவது கம்ப்யூட்டரில் ஓடும் அதன் மென்பொருள். அது ஓடவில்லை என்றால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை. நிறுவனம் தரும் மென்பொருளும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே. மண்டபத்துக்குப் போன இடத்தில் லேப்டாப் படுத்துவிட்டு இன்னொருவருடையதைக் கடன் வாங்கினால், முதலில் மென்பொருளைப் போட வேண்டும், பிறகு நம் அமைப்பைக் கொண்டுவர வேண்டும். உள்ளூர்களில் நெட் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்த வகையை வைத்திருப்பவர்கள் மென்பொருளின் இன்ஸ்டாலரையும், ஏற்றுமதி செய்த புரொஃபைல் கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கீபேட் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகையில் எல்லாம் கீபேடின் சிப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எந்த லேப்டாப்பில் செருகினாலும், லினக்ஸாக இருந்தாலும், சாதாரண கீபோர்டு போலவே வேலை செய்யும். இதிலும் நல்லது, கெட்டது உண்டு. கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) உள்ள கீபேடுகளை வியா என்ற கருவியால் மாற்றலாம். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரிலேயே அது திறக்கும். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஒரே பட்டனுக்குப் பல அடுக்குகளாக வேலை கொடுக்கலாம் என்பதால், 9 பட்டனில் ஒன்றை அடுக்கு மாற்ற ஒதுக்கினாலும் மீதி 8 பட்டனில் இரண்டு அடுக்குக்கு 16 வேலை நடக்கும். நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த வகையைத்தான். விற்பனைப் பக்கத்தில் "வியா ஆதரவு உண்டு" என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "புரோகிராம் செய்யலாம்" என்று மட்டும் இருந்தால் போதாது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்த வகைக் கீபேட் அனுப்புவது வெறும் கீ அழுத்தம். அந்த அழுத்தம் வந்தால் எந்தக் காட்சிக்கு மாற வேண்டும் என்பது நேரலைக்குப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளுக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, பாதி வேலை கீபேடில், பாதி லேப்டாப்பில். ஓபிஎஸ்ஸில் புரொஃபைல், காட்சித் தொகுப்பு இரண்டையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் சில ஹாட்கீகள், அதாவது ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய கீகள், விட்டுப்போகும்.

அதோடு, திரை இல்லாத கீபேடுக்கு மைக் அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாது. ஒரே பட்டனை அழுத்த அழுத்த அடைத்துத் திறப்பது போல வைத்தால், பதற்றத்தில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஓபிஎஸ்ஸில் மியூட்டுக்கும் அன்மியூட்டுக்கும் தனித்தனி ஹாட்கீ கொடுக்க வழி இருக்கிறது. இரண்டு பட்டன் செலவானாலும் அப்படியே வையுங்கள். நேரலையை நிறுத்தும் வேலையைக் கீபேடில் வைக்கவே வேண்டாம். மேசைக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு குழந்தையின் கை பட்டால் போதும்.

அடுத்த கேள்வி, எந்தக் கீயை அனுப்பச் சொல்வது? எஃப்5, எஃப்8 என்று கொடுத்தால் அது வேறு மென்பொருளோடு முட்டும். கணக்கு மென்பொருளான டாலியில் எஃப்4 முதல் எஃப்9 வரை ஒவ்வொன்றும் ஒரு வவுச்சர். கன்ட்ரோலோடு ஓர் எழுத்து என்று வைத்தால் எடிட்டிங் மென்பொருளோடு முட்டும். பழைய ஐபிஎம் டெர்மினல் கீபோர்டுகளில் எஃப்24 வரை கீகள் இருந்தன. இன்றைய கீபோர்டுகளில் அவை இல்லை, ஆனால் யூஎஸ்பி தரத்திலும் விண்டோஸிலும் அவற்றுக்கு இடம் அப்படியே இருக்கிறது. எஃப்13 முதல் எஃப்24 வரை 12 கீகள், யாரும் உட்காராத நாற்காலிகள் போலக் கிடக்கின்றன. கீபேடை அவற்றை அனுப்பச் சொல்லி, ஓபிஎஸ்ஸில் அவற்றையே ஹாட்கீயாக வையுங்கள். எந்த மோதலும் வராது. வாங்கும் கீபேடின் மென்பொருளில் இந்த எஃப்13 வரிசை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. மலிவுச் சரக்குகள் சிலவற்றின் பட்டியல் எஃப்12-லேயே நின்றுவிடும்.

தமிழில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, கீயின் எண்ணை அனுப்புகிறது. ஆங்கில எச் கீயின் யூஎஸ்பி எண் 11. அதை எச் ஆக்குவதா க ஆக்குவதா என்பதைக் கம்ப்யூட்டரில் அப்போது இயங்கும் மொழி அமைப்பு முடிவு செய்கிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கினால் அதே கீ க தரும். எனவே மின்னஞ்சல் முகவரியை ஒரு பட்டனில் பதிந்து வைத்துவிட்டு, தமிழ்99 ஓடும்போது அழுத்தினால் திரையில் வருவது ஒரு தமிழ்க் குழப்பம். அதேபோல "தங்கள் நல்வரவை நாடும்" என்று யூனிகோடில் ஒரு வரியைக் கீபேடுக்குள் நேரடியாகப் பதியவும் முடியாது. பட்டன் எஃப்13-ஐ அனுப்பட்டும். அது வந்தால் அந்தத் தமிழ் வரியை ஒட்டுவதை ஆட்டோஹாட்கீ போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன என்பதால் அங்கே நேரடியாகப் பதிந்தாலும் சரியாக வரும், கேப்ஸ் லாக் போட்டிருந்தால் மட்டும் எல்லாம் புரண்டுவிடும்.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே இதுதான்.

நெட்பேங்கிங் பாஸ்வேர்டை, ஜிஎஸ்டி லாகினைக் கீபேடின் ஒரு பட்டனில் பதிந்து வைக்கும் பழக்கம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மேக்ரோவாகப் பதிந்த பாஸ்வேர்டுக்கு எந்தப் பூட்டும் இல்லை. கீபேடைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகி, நோட்பேடைத் திறந்து அந்தப் பட்டனை அழுத்தினால் முழு பாஸ்வேர்டும் எழுத்து எழுத்தாகத் திரையில் விழும். வியாவில் திறந்தாலும் அப்படியே படிக்கலாம். டீ வாங்கப் போன இரண்டு நிமிடம் போதும். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பது உங்கள் பணம் மட்டும் அல்ல, உங்களை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களின் பணம். பாஸ்வேர்டு நினைவில் நிற்கவில்லை என்றால் அதற்கென்றே உள்ள பாஸ்வேர்டு மேனேஜரைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, பெயரில்லாத மலிவுக் கீபேடுகளோடு வரும் மென்பொருள். 3 பட்டன் ஒரு குமிழ், 6 பட்டன் ஒரு குமிழ் என்று ஆன்லைனில் வருகின்றனவே, அவற்றின் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் ஏதோ ஒரு டவுன்லோடு லிங்க். யார் எழுதியது என்ற கையொப்பம் இல்லாத விண்டோஸ் மென்பொருள் அங்கே இருக்கும், வைரஸ் தடுப்பு அதைப் பார்த்துக் கத்தும், "தடுப்பை அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்று விற்பவர் பதில் எழுதுவார். அணைக்காதீர்கள். இந்தக் கீபேடுகளில் பதிந்தது சிப்புக்குள் தங்கும் என்பதால் ஒரு வழி உண்டு. வங்கிக் கணக்கோ வாடிக்கையாளர் விவரமோ எதுவும் இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருளை ஓட்டிப் பதிந்துகொண்டு, கீபேடை மட்டும் வேலை செய்யும் மெஷினுக்குக் கொண்டுவாருங்கள்.

கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் நம்பும். அது அனுப்பும் கீகள் உங்கள் விரல் அழுத்தியவையா என்று பார்க்க அதற்கு வழி இல்லை. இந்த நம்பிக்கையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த முடியும் என்பதை ஆய்வாளர்கள் 2014-ல் பேட்யூஎஸ்பி என்ற பெயரில் செய்தே காட்டினார்கள். யாரோ பயன்படுத்திய கீபேட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்கு எழுதும் மெஷினில் செருக வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக் பக்கத்தில் இருக்குமானால் பட்டனுக்கு அடியில் நீல ஸ்விட்ச் உள்ளது வேண்டாம், அதன் "டிக்" சத்தம் நேரலையில் கேட்கும், சிவப்பு அமைதியானது. ஸ்விட்சைக் கழற்றி மாற்றும் ஹாட்ஸ்வாப் வசதி இருந்தால் ஒரு பட்டன் கெட்டதற்காக முழுக் கீபேடையும் தூக்கிப் போட வேண்டாம். மண்டபத்துக்கு வயர் உள்ளதே நல்லது. புளூடூத் கீபேட் தூங்கிவிட்டால் முதல் அழுத்து அதை எழுப்பவே போய்விடும். வாங்குமுன் ஒரு வாரம், நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தாளில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பட்டியல் பத்தைத் தாண்டாது. லைட்ரூம் மென்பொருளில் படம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு பி, எக்ஸ் என்ற இரண்டு எழுத்தும் அடுத்த படத்துக்கான அம்புக்குறியும்தான் நாள் முழுக்க ஓடுகிறது. விளையாட்டை நேரலை செய்யும் கல்லூரிப் பிள்ளைகள், மேக்ரோவை ஓபிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்குள் பயன்படுத்தினால் பல விளையாட்டுகளில் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

எல்லோருக்கும் கீபேடே தேவை என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் தனியாகச் சமையல் சேனல் நடத்தும் ஆச்சிமார் வெள்ளைப் பணியாரம் ஊற்றும்போது இரண்டு கையும் மாவும் எண்ணெயுமாக இருக்கும். அவர்களுக்குக் காலால் மிதிக்கும் யூஎஸ்பி பெடல்தான் சரியான பொருள். அதுவும் இதே போலக் கீ அனுப்புவதுதான். பழகிப் பார்க்க நினைப்பவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி நம்பர்பேடை வாங்கி, லூவாமேக்ரோஸ் என்ற இலவச மென்பொருளால் அதை மட்டும் தனிக் கீபோர்டாகப் பிரித்து வேலை கொடுக்கலாம். பழைய போனில் டச் போர்ட்டல் என்ற ஆப்பைப் போட்டும் ஓபிஎஸ்ஸை இயக்கலாம். இப்படி வேறு கருவியிலிருந்து கட்டளை வாங்குவதற்கான வெப்சாக்கெட் என்ற வழி, ஓபிஎஸ் 28-லிருந்து உள்ளேயே வருகிறது. மண்டபத்தின் பொது வைஃபையில் அதைத் திறக்கும்போது பாஸ்வேர்டு போடாமல் விடாதீர்கள். இல்லையென்றால் அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் காட்சியை மாற்றலாம்.

கீபேட் கைக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வேலை கொடுத்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பதிந்தது தங்கியிருக்கிறதா பாருங்கள். வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்புறம் நண்பருடைய லேப்டாப்பில், நெட் இல்லாமல், செருகிப் பாருங்கள். கீபேடுக்குள்ளேயே தங்கும் என்று சொல்லி விற்ற பொருள் அங்கே வேலை செய்யவில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.