போளைப் பை என்றொரு பரம்பரை அலகு

திருகோணமலைச் சந்தையில் ஒரு கதலிக் குலை அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் போதும், சின்னஞ்சிறு பழ ஈக்கள் மொய்க்கத் தொடங்கிவிடும். கடைக்காரர் துணியால் விசிறி விரட்டுவார். இதே வகை ஈயைப் போத்தலில் அடைத்து, வாழைப்பழமும் கொடுத்து நூறாண்டுக்கும் மேலாக வளர்த்துவருகிறார்கள் உயிரியலாளர்கள். மூன்று மில்லிமீற்றர்ப் பூச்சியிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் அதன் சூலகத்தைத்தான் காட்டுவேன்.

பெண் ஈக்கு இரண்டு சூலகங்கள். ஒவ்வொன்றும் 16 முதல் 20 வரையான மெல்லிய குழாய்களின் கட்டு. குழாயின் நுனியில் இரண்டு அல்லது மூன்று மூலக்கலங்கள் மட்டுமே இருக்கும். அந்தக் குழாயில் உருவாகும் முட்டைகள் எல்லாம் இவற்றின் வழிவந்தவை. ஒரு மூலக்கலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு மகள் தாயைப் போலவே மூலக்கலமாக நிற்கிறது. மற்றது முட்டையாகும் பாதையில் இறங்குகிறது. இரண்டிலும் இருப்பவை ஒரே பரம்பரை அலகுகள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

நிற்கும் இடம்தான் காரணம். நுனியிலுள்ள தொப்பிக்கலங்களோடு மூலக்கலம் ஒருவகை ஒட்டுப் புரதத்தால் பிணைந்திருக்கிறது, கரையில் கட்டிய வள்ளம்போல. தொப்பிக்கலங்கள் டிபிபி என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞை மூலக்கலத்தின் கருவரை போய், 'பாம்' என்ற பரம்பரை அலகைப் பூட்டிவைக்கிறது. ஆனால் அதன் வீச்சு மிகக் குறுகியது. திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: ஏழு கிணறுகளும் அருகருகேதான், ஆனாலும் ஒன்றின் சூடு அடுத்ததில் இல்லை. இங்கேயும் ஒரு கலத்தின் அகலம் தள்ளிப்போனாலே பூட்டுக் கழன்றுவிடுகிறது. பாம் விழிக்கிறது. அந்த மகள் நான்கு தடவை பிரிந்து 16 கலங்களாகிறது. பிரிவு முழுமை பெறாததால் அவை சிறு கால்வாய்களால் இணைந்தே கிடக்கின்றன. ஒன்று முட்டையாகிறது, மீதி 15 அதற்கு ஊட்டி வளர்த்துவிட்டு மடிகின்றன.

பாம் என்பது ஒரு சுருக்கப் பெயர். அதன் ஆங்கில விரிவைத் தமிழில் சொன்னால் 'போளைப் பை'. இந்த அலகு பழுதடைந்த ஈக்களைப் பற்றி 1990இல் மக்கீரின், ஸ்பிரட்லிங் என்ற இரு உயிரியலாளர்கள் எழுதினார்கள். அவற்றின் குழாயில் முட்டையே இல்லை. பிரிந்துகொண்டே போகும் உருண்டைக் கலங்கள்தான், சிறுவன் பையில் திணித்த போளைகள்போல. ஈ ஆய்வாளர்களுக்குப் பெயர் வைப்பதில் எப்போதும் ஒரு குறும்பு உண்டு. பழுதில்லாத ஈயின் சூலகத்தில் டிபிபியை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தாலும் இதே காட்சிதான். மாறாக, மூலக்கலத்துக்குள்ளேயே பாமை வலிந்து இயக்கினால் மூலக்கலங்கள் காணாமற்போகின்றன. ஆக, மூலக்கலமாக இருப்பது தனித் திறமை அல்ல. ஒரு அலகு வாய்திறக்காமல் இருப்பதுதான்.

நுனியில் ஓரிடம் காலியானால், பக்கத்து மூலக்கலம் வழக்கமான திசையை விட்டுப் பக்கவாட்டில் பிரிந்து, மகளை அங்கே அமர்த்துகிறது. இதைவிட வியப்பானது 2004இல் வெளிவந்தது. மூலக்கலங்களை இழந்த சூலகத்தில், ஏற்கெனவே பிரிந்து கொத்தாகத் தொடங்கியிருந்த கலங்கள் ஒன்றையொன்று விட்டுக் கழன்று, தொப்பிக்கலங்களின் அருகே திரும்பிவந்து, மறுபடி மூலக்கலங்களாகி முட்டைகளை உருவாக்கின.