மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குகிறதா? நிறுத்திவிடாதீர்கள்

சினைப்பை நீர்க்கட்டிக்கு (பி.சி.ஓ.எஸ்.) மெட்ஃபார்மின் எழுதினால், கூட வந்திருக்கும் அம்மா கேட்கும் முதல் கேள்வி: "சுகரே இல்லாத பொண்ணுக்கு எதுக்கு டாக்டர் சுகர் மாத்திரை?" நியாயமான கேள்விதான். பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு இன்சுலின் சுரந்தும் உடலில் அது சரியாக எடுபடுவதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் பெரும்பாலும் இதனால்தான். இன்சுலினை எடுபடச் செய்யத்தான் மெட்ஃபார்மின்.

ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. மாத்திரை தொடங்கிய சில நாளில் வயிற்றுப்போக்கு, குமட்டல். "எனக்கு ஒத்துக்கல" என்று அந்தப் பெண்ணே நிறுத்திவிடுகிறாள். மறுபடி வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

மெட்ஃபார்மின் ஈரலில்தான் வேலை செய்கிறது என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. உண்மையில் குடலில் அதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே வாழும் பாக்டீரியாக்களையே அது மாற்றிவிடுகிறது. 2017இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்த சர்க்கரை நோயாளிகளின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்குள் செலுத்தினார்கள். மருந்து தொடங்கும் முன் எடுத்த மலத்தின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளைவிட, அந்த எலிகளின் உடல் சர்க்கரையை நன்றாகக் கையாண்டது. 2019இல் அதே இதழில் சீன ஆய்வாளர்கள் பி.சி.ஓ.எஸ். பெண்களின் குடலில் 'பாக்டீராய்டஸ் வல்காட்டஸ்' என்ற பாக்டீரியா மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். அந்தப் பெண்களின் மல நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பும் சினைப்பைக் கோளாறும் வந்தன.

இதைக் கேட்டதும் கடையில் 'நல்ல பாக்டீரியா' அடங்கிய புரோபயாடிக் காப்ஸ்யூல் வாங்கிவிட வேண்டாம். எலியில் கண்டது எலியில் கண்டதுதான். எந்த பாக்டீரியா, எவ்வளவு, எத்தனை நாள் என்று நோயாளிக்கு எழுதித் தருமளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. மருந்துக்குப் பதிலாக அதை விழுங்குவது வீண்செலவு.

வயிற்றுக் கலக்கம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அதனால்தான் 500 மி.கி.யில் தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுகிறோம். வெறும் வயிற்றில் வேண்டாம்; சாப்பாட்டோடு போடுங்கள். அப்படியும் தாங்கவில்லையென்றால் மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர். மாத்திரைக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். அதைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது. மலத்தில் அதன் கூடு தெரிந்தால் பயப்படாதீர்கள், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாகி உடலில் நீர் வற்றினால் மாத்திரையை நிறுத்தி, உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். குறிப்பாக, சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

திருமணமான பெண்களுக்கு இன்னொன்று. இந்த மாத்திரையால் நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் மீண்டும் தொடங்கலாம். மாதவிடாய் ஒழுங்காகும் முன்பே கரு தங்கவும் வாய்ப்புண்டு. குழந்தை இப்போது வேண்டாம் என்றால், மாத்திரை தொடங்கும் நாளிலேயே கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.