ஹார்மோன் ஊசிக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யக்கூடாதா?

சிகிச்சைக்கு வந்த ஒருவர் துணிப்பையை என் மேசைமீது கவிழ்த்தார். எட்டு காலி மருந்துக் குப்பிகள். உடற்பயிற்சிக்கூட நண்பர் சொன்னதை நம்பி, நான்கு மாதமாக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டிருக்கிறார். வயது 38. விறைப்புக் குறைபாடு இம்மியும் மாறவில்லை. குழந்தைக்காகச் செய்த விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை.

ஊசிக்கு முன் ஹார்மோன் அளவு பார்த்தீர்களா என்றேன். "ஆண்மைக் குறைவு என்றாலே அதுதானே டாக்டர்?" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

விறைப்பை நடத்துவது நரம்பும் இரத்தக்குழாயும். தொடுதலால் வரும் விறைப்புக்குத் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், சாக்ரல் எனப்படும் கடைப்பகுதியின் 2 முதல் 4 வரையுள்ள கூறுகளே போதும். அதற்கு மேலே தண்டுவடம் அறுபட்ட பலருக்கும் அது வருகிறது. 'இனி அவ்வளவுதான்' என்று அவர்களிடம் கைவிரிக்கும் மருத்துவர்களும் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்தால் நல்லது. எண்ணத்தால் வரும் விறைப்புக்கான பாதை மேலே, மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

ஹார்மோனின் வேலை இந்த அமைப்பைத் தயார்நிலையில் வைத்திருப்பது. விரை நீக்கப்பட்ட ஆண் எலிகளில், ஆணுறுப்புத் தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் சுருங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் மீள்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் ஆக்சிடோசின் என்ற வேதிப்பொருளை அந்த நரம்பணுக்களுக்குக் கொண்டுவந்து தூண்டுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பவருக்கு ஈடு செய்தால் பலன் உண்டு. போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் மேலும் ஊற்றினால் விறைப்பு அதிகரிக்காது, கேடுதான் வரும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'இங்கே தேவையில்லை' என்று விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. மீண்டும் எழ மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

இவருக்கு உண்மையில் என்ன? நடக்கும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை என்று போகிற போக்கில் சொன்னார். மூன்று மாத சராசரி சர்க்கரை 10.2 சதவீதம். கால் நரம்பை அரித்த சர்க்கரை, விறைப்பை நடத்தும் நரம்பை மட்டும் விட்டுவைக்குமா?

ஆகவே, முதலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலை 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஒற்றை அறிக்கையோடு என்னிடம் வராதீர்கள். குறைந்திருந்தால் பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின், எல்.எச். என்ற ஹார்மோன்களின் அளவையும் பார்ப்பது அவசியம். குழந்தை வேண்டுமென்றால் இந்த ஊசி வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் விறைப்பு மாத்திரைப் பக்கமே போகக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். முதுகுவலியோடு, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பிலும் மரத்துப்போய், சிறுநீரும் பிரியாமல் நின்றால், அது தண்டுவட முனையின் நரம்புக்கற்றை நசுங்குவதாக இருக்கலாம். வெட்கப்படாமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.