பேசுவதற்கு முன் ஐந்து நிமிட மௌனம்

குழுக் கூட்டங்களை நெறிப்படுத்தும் தொழிலில் நான் தாமதமாகக் கற்ற பாடம், கருத்துக் கேட்பதற்கு முன் எல்லோரையும் எழுதச் சொல்ல வேண்டும் என்பது. தொடக்கத்தில், இடைவிடாத பேச்சே நல்ல கூட்டத்தின் அடையாளம் என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். குழுவாகச் சிந்திப்பவருக்குத் தனியாகச் சிந்திப்பவரைவிட இரு மடங்கு யோசனைகள் தோன்றும் என்று அவர் 1950களில் எழுதினார். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகியோர் சோதித்தபோது, நால்வர் கூடிப் பேசித் தந்த யோசனைகள், தனித்தனியே சிந்தித்த நால்வரின் யோசனைகளைத் திரட்டி, திரும்ப வந்தவற்றைக் கழித்த பிறகு எஞ்சியதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன.

காரணம் கூச்சமா, சோம்பலா, வேறு ஏதாவதா? ஜெர்மனியின் டூபிங்கனில் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபெயும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொருவரையும் தனி அறையில் அமர்த்தி, மற்றொருவர் பேசுவதை விளக்கொளியால் உணர்த்தி, அது அணையும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். கேலி செய்ய எதிரே யாரும் இல்லாதபோதும், காத்திருந்தவர்களின் யோசனைகள் வெகுவாகக் குறைந்தன. விளக்கைப் பொருட்படுத்தாமல் பேசலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்ற சாதாரண விதிதான் முதன்மைத் தடை. முறை வரும்வரை ஒரு யோசனையை நினைவில் பிடித்துக்கொண்டிருக்கும் மனத்தில் அடுத்த யோசனைக்கு இடம் கிடைப்பதில்லை. காத்திருக்கும்போதே சில யோசனைகள் மறந்துபோகின்றன, சில இனித் தேவையில்லை என்று கைவிடப்படுகின்றன. இத்தனைக்கும், கூடிப் பேசியவர்கள் தாங்கள் நிறையச் சாதித்ததாகவே எண்ணுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

டெல்பெக், வான் டி வென் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1971இல் முன்வைத்த முறை இத்தடையைச் சுற்றிச் செல்கிறது. முதலில் எல்லோரும் மௌனமாக எழுதுகிறார்கள். பிறகு சுற்றுமுறையில் ஆளுக்கு ஒன்றாகப் படிக்க, அவை பலகையில் ஏறுகின்றன. விளக்கம் கேட்பது அதன் பின்னரே, இறுதியில் ஒவ்வொருவரும் தனித்தனியே வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். இதில் என் சொந்தச் சேர்க்கை ஒன்று உண்டு: தலைமை அதிகாரியின் முறை கடைசியில் வருமாறு சுற்றைத் தொடங்குவேன். அவர் முதலில் படித்துவிட்டால், எழுதிய தாளை ஓசையின்றி மடித்து வைத்துக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன்.