தங்குகிற தண்ணீர்

வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறோம். கடைசி வாய் இறங்குவதற்குள் தாகம் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். அந்தத் தண்ணீர் இன்னும் வயிற்றில்தான் கிடக்கிறது. அது சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கப் பத்து, இருபது நிமிடமாவது ஆகும். தாகம் மட்டும் எப்படி உடனே அடங்கியது?

வாயும் தொண்டையும் முந்திக்கொண்டு மூளைக்குச் சேதி சொல்லிவிடுகின்றன. மூளையும் அதை நம்பித் தாகத்தை அணைத்துவிடுகிறது. அப்படிச் செய்யாமல் ரத்தம் சரியாகும்வரை காத்திருந்தால், அதற்குள் நாம் வயிறு முட்டக் குடித்து முடித்திருப்போம்.

மூளை அளப்பது உடம்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதை அதிகமாக அல்ல. ரத்தம் எவ்வளவு உப்புக் கரிக்கிறது என்பதைத்தான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸில் இதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. ரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே அவை விழித்துக்கொள்ளும். உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது போய்ச் சேருமிடம் சிறுநீரகம்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர் போல. மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இதில் கடைசிக் கட்டப் பேரம்தான் வாசோபிரசின் கையில் இருக்கிறது. அது வந்தால், சிறுநீரகக் குழல்களின் செல் சவ்வில் அக்வாபோரின் எனப்படும் நுண்ணிய புரத வாய்க்கால்கள் வந்து பொருந்தும். தண்ணீர் அவற்றின் வழியே உள்ளே திரும்பும். அது இல்லாவிட்டால் வாய்க்கால்கள் விலகிக்கொள்ளும், தண்ணீர் நேராக வெளியேறும். இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரே மூச்சில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று இப்போது சொல்லிவிடலாம். ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போகும், வாசோபிரசின் குறையும், ஒரு மணி நேரத்தில் கழிப்பறைக்கு நடை. பெரிய பாட்டிலை வாங்கிவைத்துக்கொண்டு, மறந்துபோய், சாயங்காலம் மொத்தமாகக் குடித்துக் கணக்கை முடிக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. மிச்சமானது பாதி ராத்திரி விழிப்புதான்.

எந்தப் பானம் எவ்வளவு நேரம் உடம்பில் தங்குகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு பார்த்தது. 72 ஆண்களுக்கு வெவ்வேறு பானங்களை ஒரு லிட்டர் கொடுத்து, அடுத்த சில மணி நேரம் சிறுநீரை அளந்தார்கள். தண்ணீரைவிட அதிகம் தங்கியவற்றில் பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸும் இருந்தன. பாலில் புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் இருப்பதால் அது வயிற்றைவிட்டு மெதுவாகவே இறங்கும், வந்த நீரையும் பிடித்துவைக்கும். காபி, டீ, கோலா மூன்றும் தண்ணீரைப் போலவேதான் நடந்துகொண்டன.

காபி குடித்தால் உடம்பு வறண்டுபோகும் என்பது பலரின் நம்பிக்கை. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கஃபைன் சிறுநீரகத்தில் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும் வேலையைக் கொஞ்சம் கெடுக்கிறது. சோடியம் போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. ஆனால் ஒரு கோப்பையில் வரும் அளவுக்கு அது பெரிதல்ல, தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பும் பழகிவிடும். கோப்பையில் பெரும்பகுதி தண்ணீர்தானே. மது வேறு கதை: அது வாசோபிரசினையே அடக்கிவிடுகிறது. மறுநாள் காலை வாய் உலர்ந்து எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த பானம் என்று கேட்டால், ருசிக்காக அல்ல, ஓஆர்எஸ் என்பேன். குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகும். உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் இந்த இயக்கத்தை முன்வைத்தார். காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை என்பதுதான் அதிர்ஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, அத்துடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குளிர்பானத்திலோ லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்போ மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு நேரத்தில் இவ்வளவு அடர்த்தியான திரவம் குடலுக்குள் போனால், ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடல் பக்கம் இழுத்துவிடும். பாக்கெட்டில் எழுதியிருப்பதைவிடக் குறைந்த தண்ணீரில் ஓஆர்எஸ் பொடியைக் கரைத்தாலும் இதே ஆபத்துதான்.

சரி, வெறும் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் கெடுதல் இல்லையா? இருக்கிறது. சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு ரத்தம் நீர்த்து, சோடியம் அளவு குறைந்திருந்தது. 42 கிலோமீட்டர் ஓடியும் எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருந்தார்கள்.

தினம் எட்டு டம்ளர் என்ற கணக்கின் வேரை 1945இல் அமெரிக்கா வெளியிட்ட ஒரு பரிந்துரையில் பலர் தேடுகிறார்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்ன அது, அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வாக்கியத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள்! ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தாகமே போதுமான அளவுகோல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். பி வைட்டமின் மாத்திரை போட்ட அன்று மட்டும் அந்த நிறத்தை நம்ப வேண்டாம்.

வயதானவர்கள் விஷயத்தில் இது செல்லாது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும், உடம்பு வறண்டிருந்தாலும் கேட்கத் தோன்றாது. "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே பதில் வரும். கேட்காமல் ஒரு டம்ளரை கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வருவது மேல்.